தோள் மாற்றிச் சுமந்த நகரம்



அருங்காட்சியகமும் கலையும் திருவிழாவும் ஒரு பழைய ஊருக்குள் எப்படிக் கூடி வாழ்கின்றன என்று பேசச் சொன்னீர்கள். பல ஊர்களைத் தொட்டுச் செல்வதைவிட ஒரே ஊரில் தங்கிவிடுவது நல்லது என்று தோன்றியது. தென்னமெரிக்காவில், பெரு நாட்டில், ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே, கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குஸ்கோ. இன்கா பேரரசின் தலைநகரம். 1533-இல் ஸ்பானியர் கைக்குப் போனது. 1983-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இவ்வளவும் எந்தப் பயணக் கையேட்டிலும் கிடைக்கும். அங்கே பார்த்ததில் என் மனத்தில் தங்கிப்போன ஒன்றைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். அந்த ஊர் தன் நினைவைத் தோளில் வைத்துக் காப்பாற்றியது. கல்லிலும் கண்ணாடிப் பெட்டியிலும் இருப்பது அதற்குப் பிறகு வந்த கதை.

1560-ஆம் ஆண்டு ஜனவரி. இருபது வயது இளைஞன் ஒருவன், குஸ்கோவின் நகர நிர்வாகியாக இருந்த போலோ தே ஒந்தேகார்தோவின் வீட்டுக்கு விடைபெறப் போகிறான். தந்தை ஸ்பானியப் படைத்தலைவர். தாய் சிம்பு ஒக்யோ, இன்கா அரச குலத்துப் பெண். ஸ்பெயினுக்குக் கப்பலேறப் போகிற பிள்ளை. புறப்படுமுன் உன் தாய்வழி முன்னோரைப் பார்த்துவிட்டுப் போ என்று போலோ அவனை ஓர் அறைக்குள் அனுப்புகிறார். உள்ளே ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவர் அரசர்கள், இருவர் அரசியர். இறந்து எத்தனையோ காலம் ஆன, பதப்படுத்திய உடல்கள். முடி, புருவம், இமை எல்லாம் அப்படியே இருக்கின்றன. கைகள் மார்பின்மேல் குறுக்காக இருக்கின்றன, கண்கள் தாழ்ந்திருக்கின்றன. அவன் அந்த அரசர்களில் ஒருவரான ஹுவாய்னா கபாக்கின் ஒரு விரலைத் தொட்டுப் பார்க்கிறான். மரச்சிலையின் விரல்போல விறைத்திருக்கிறது.

பின்னாளில் இன்கா கார்சிலாசோ தே லா வேகா என்று பெயர்பெற்ற அவர், 1609-இல் லிஸ்பனில் அச்சான தம் வரலாற்று நூலில் இதை எழுதியிருக்கிறார். அதே இடத்தில் இன்னொரு செய்தியும் சொல்கிறார். அந்த உடல்கள் கனமே இல்லாதவை. ஓர் ஆள் தனியாகத் தூக்கிவிடலாம். பார்க்க விரும்பிய ஸ்பானியப் பெரிய மனிதர்களின் வீடுகளுக்கு அவற்றை வெள்ளைத் துணியில் சுற்றித் தெருவழியே சுமந்துபோனார்கள். வழியெல்லாம் இன்கா மக்கள் மண்டியிட்டு அழுதார்கள். ஸ்பானியர்களும் தொப்பியைக் கழற்றினார்களாம். பிறகு அந்த உடல்களை லிமா நகரத்துக்குக் கொண்டுபோய் ஒரு மருத்துவமனையில் வைத்தார்கள். அதன்பின் அவை போன இடம் தெரியவில்லை.

இன்காக்களைப் பொறுத்தவரை அரசர் சாவது என்பது இடம் மாறுவது மட்டுமே. அவருடைய குலம் அவரது அரண்மனையை, நிலத்தை, உடைகளைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும். விழா நாளில் இறந்த அரசர்களைப் பல்லக்கில் தூக்கி வந்து ஊர்ச் சதுக்கத்தில் மூப்பு வரிசைப்படி உட்காரவைப்பார்கள். முன்னால் நெருப்பு மூட்டி உணவு படைப்பார்கள். சிச்சா என்னும் மக்காச்சோளக் கள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, இறந்தவரோடு உயிருள்ளவர் பகிர்ந்து குடிப்பார்.

அந்தச் சதுக்கத்தின் தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கடல் மணல். பசிபிக் கரையிலிருந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம், மலைகளைத் தாண்டிச் சுமந்து வந்து இரண்டரைச் சாண் உயரத்துக்குக் கொட்டிய மணல். அதற்குள் பொன்னிலும் வெள்ளியிலும் செய்த சிறு உருவங்களைப் புதைத்திருந்தார்கள். மக்கள் அந்த மணலை வணங்குவதைப் பார்த்த போலோ தே ஒந்தேகார்தோ, மம்மிகளைத் தேடிப் பிடித்த அதே போலோ, மணலை அள்ளிவிட உத்தரவிட்டார். அள்ளிய மணல் தேவாலயக் கட்டுமானத்துக்குப் போனது. சதுக்கத்தில் இன்று நிற்கும் பேராலயத்தின் கற்கள் பல சக்சாய்வமான் என்னும் இன்கா கோட்டையிலிருந்து வந்தவை என்று வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். மணலைப் பற்றி யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், கல்லைவிட அந்த மணல்தான் பெரிய செய்தி. பக்கத்துக் குன்றிலிருந்து கல்லை உருட்டிவிடலாம். கடலை யாராவது முதுகில் சுமந்துதான் மலையேற்ற வேண்டும்.

இப்போது கார்ப்பஸ் கிறிஸ்டி விழாவுக்கு வருகிறேன். ஈஸ்டர் கழிந்து அறுபதாம் நாள், ஒரு வியாழக்கிழமை. கத்தோலிக்க உலகம் முழுவதும் நற்கருணைக்கு எடுக்கும் விழா. ஆனால் குஸ்கோவில் அதற்கு முந்தின நாளே ஊர் நிறைந்துவிடுகிறது. நகரத்தின் பங்குகளிலிருந்தும் அக்கம்பக்கத்துத் தேவாலயங்களிலிருந்தும் பதினைந்து திருவுருவங்கள், புனிதர்களும் அன்னையரும், சப்பரத்தில் ஏறிச் சதுக்கத்துக்கு வருகின்றன. சான் ஹெரோனிமோவும் சான் செபாஸ்தியானும் ஒரே சாலையில் வருகிறவர்கள். இருவருக்கும் ஓட்டப் போட்டி. சுமப்பவர்கள் உண்மையாகவே ஓடுகிறார்கள். நான் சாலையோரத்தில் நின்றிருந்தேன். முதலில் பித்தளை வாத்தியச் சத்தம், பிறகு தூசி, பிறகு கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு கர்தினால் தொப்பி ஆடி ஆடி வந்தது. தொப்பிக்குக் கீழே மரத்தில் செதுக்கிய முகம். அதற்கும் கீழே முப்பது நாற்பது மனித முகங்கள், வியர்வையில் குளித்து, பல்லைக் கடித்துக்கொண்டு. ஒருவர் தளரும்போது பக்கத்தில் ஓடிவந்தவர் தன் தோளைக் கொடுத்து அவரை வெளியே இழுத்துவிட்டார். சப்பரம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

பதினைந்து பேரும் பேராலயத்துக்குள் ஒரு வாரம் தங்குகிறார்கள். இரவில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், ஊர் நிலவரத்தை அலசுகிறார்கள், வரும் ஆண்டு எப்படி என்று முடிவு செய்கிறார்கள் என்று குஸ்கோக்காரர்கள் சொல்கிறார்கள். சதுக்கத்தில் வரிசையாக உட்கார்ந்த அரசர்களை நினைத்துப் பாருங்கள். இறந்த அரசர்களின் இடத்தில் புனிதர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடும் வழக்கம் உண்டு. அது எனக்கு ஒப்பவில்லை. அந்த மக்கள் நானூறு ஆண்டுக்கு மேலாகக் கத்தோலிக்கர்கள். அவர்கள் பக்தி வேடம் அல்ல. மாறியது யாரைச் சுமப்பது என்பதுதான். எப்படிச் சுமப்பது, எதற்காகச் சுமப்பது என்பதில் பழைய அறிவு அப்படியே தொடர்ந்தது.

விழாச் செலவை ஏற்கிறவருக்கு அங்கே ‘கார்குயோக்’ என்று பெயர். ‘கார்கோ’ ஸ்பானியச் சொல். பொறுப்பு என்றும் பொருள், பாரம் என்றும் பொருள். ‘யோக்’ கெச்சுவா மொழி ஒட்டு, உடையவர் என்று பொருள். ஆக, பாரமுடையவர். அவர் பல மாதம் முன்பே உறவினர், நண்பர் வீடுகளுக்குக் கையில் ரொட்டியோடு போவார். ‘ஹுர்க்கா’ என்று சொல்வார்கள். ரொட்டியை வாங்கிக்கொண்டால் விழாவுக்கு ஏதாவது செய்வதாக ஒப்புக்கொண்டதாக அர்த்தம். வாத்தியக் குழு ஒருவர் பொறுப்பு, மெழுகுவர்த்தி ஒருவர், அன்னைக்குப் புது மேலாடை ஒருவர். எழுத்தில் எதுவும் கிடையாது. வாங்கிய ரொட்டியே பத்திரம்.

விழா நாளில் தெருவெங்கும் ஒரே உணவு, ‘சிரி உச்சு’. ஆறிய மிளகாய் உணவு என்று சொல்லலாம். ஒரு தட்டு வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வறுத்த குய், அதாவது கினிப்பன்றி. வேகவைத்த கோழி. உப்பிட்டு உலர்த்திய இறைச்சி. வறுத்த மக்காச்சோளம், பாலாடைக்கட்டி, மக்காச்சோள மாவில் சுட்ட அடை போன்ற ஒன்று, ரொக்கோட்டோ மிளகாய்த் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கொத்துக் கரும்பச்சைக் கடற்பாசி, பக்கத்தில் மீன்முட்டை. 3,400 மீட்டர் உயரத்தில் கடற்பாசி! எல்லாம் ஆறிப்போய், உப்பும் காரமுமாக, வாயில் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. போலோ அள்ளிப்போட்ட மணல் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அந்த மணல் சுவருக்குள் போய் நானூற்றறுபது ஆண்டு ஆகிறது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை அதே சதுக்கத்துக்குக் கடல் ஏறி வந்துகொண்டேயிருக்கிறது, ஒரு தட்டின்மேல்.

சதுக்கத்திலிருந்து ஹாதுன் ருமியோக் தெருவில் நடந்தால் பன்னிரண்டு மூலைகள் கொண்ட புகழ்பெற்ற கல் வரும். அதற்கு முன்னால் படமெடுத்துக்கொள்ள எப்போதும் கூட்டம். அந்தக் கல் இருக்கும் சுவர், இன்கா ரோக்கா என்னும் அரசரின் அரண்மனைச் சுவர் என்று கருதப்படுவது. அதன்மேல் எழுந்த பேராயர் மாளிகைதான் இப்போது சமயக்கலை அருங்காட்சியகம். கல்லைப் பார்க்க வந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட உள்ளே போவதாகத் தெரியவில்லை. உள்ளே இருப்பது, என் கணக்கில், அந்த ஊரின் தலைசிறந்த கலைச்செல்வம். 1670-களின் நடுவிலிருந்து 1680 வாக்கு வரை தீட்டிய கார்ப்பஸ் கிறிஸ்டி ஊர்வல ஓவியங்கள். மொத்தம் பதினாறு. அவற்றில் நான்கு சிலி நாட்டுக்குப் போய்விட்டன. பன்னிரண்டு இங்கே இருக்கின்றன. சாந்தா அனா என்னும் பழங்குடியினர் பங்குக்காகத் தீட்டியவை. தீட்டியவர் யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பலர் கை பட்டவை.

ஒவ்வொரு பங்கின் ஊர்வலத்துக்கும் ஒரு படம். சப்பரத்துக்கு முன்னால் இன்கா குலத் தலைவர் ஒருவர் நடக்கிறார். பட்டும் சரிகையும் கலந்த உடை, மார்பில் சூரிய முகம், நெற்றியில் ‘மஸ்காய்பாச்சா’ என்னும் செந்நூல் குஞ்சம். அது இன்கா அரசர் மட்டுமே அணியக்கூடிய முடி. ஸ்பானிய ஆட்சியில், கிறிஸ்தவ விழாவில், பேரரசை இழந்த குலத்தவர் தங்கள் அரச அடையாளத்தோடு சாமிக்கு முன்னால் நடக்கிறார்கள். படத்தின் கீழ்ப்பகுதியில் வேடிக்கை பார்க்கும் கூட்டம். ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் இடுக்கியிருக்கிறாள், ஒருவர் யாரையோ திரும்பிப் பார்க்கிறார், சன்னல்களில் கம்பளங்கள் தொங்குகின்றன. காலையில் தெருவில் பார்த்த கூட்டத்தைப் பிற்பகலில் சுவரில் பார்த்தேன்.

இந்தப் படங்களில் சிலவற்றில் புனிதர்கள் அலங்காரத் தேர்களில் வருகிறார்கள். சக்கரம் வைத்த, மாடமும் சிற்பமும் கொண்ட பெரிய தேர்கள். அந்தத் தேர்கள் குஸ்கோவில் ஓடியதே இல்லை. ஸ்பெயினின் வலென்சியா நகர விழாவைப் பற்றி 1663-இல் அச்சான நூலின் செதுக்குப் படங்களைப் பார்த்து ஓவியர் எடுத்துக்கொண்டவை அவை. கலை வரலாற்றாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் படம் பொய்யா? நான் நெடுநேரம் யோசித்த கேள்வி இது. கூட்டத்தின் முகங்கள் உண்மை, குலத்தலைவரின் உடை உண்மை, தேர் கடன் வாங்கியது. கடல்கடந்த ஊரின் பெருமைக்குத் தங்கள் ஊர்வலமும் சற்றும் குறைந்ததில்லை என்று சொல்ல அந்த ஓவியருக்கு ஒரு தேர் வேண்டியிருந்தது. அந்த ஆசையும் வரலாறுதான்.

குஸ்கோ ஓவியப் பள்ளி என்று இன்று உலகம் அழைக்கும் மரபு இந்தக் காலத்தில்தான் தனி வழி கண்டது. 1650 மார்ச் 31-இல் வந்த நிலநடுக்கத்தில் நகரத்தின் பெரும்பகுதி இடிந்தது. மீண்டும் கட்டியபோது ஒவ்வொரு பலிபீடத்துக்கும் படம் வேண்டியிருந்தது. 1673-இல் பொறுப்பேற்ற ஆயர் மனுவேல் தே மொயினேதோ, ஓவியர்களை அள்ளி அணைத்தவர். தியேகோ கிஸ்பே தித்தோ, பசிலியோ சாந்தா குரூஸ் புமாகாயோ ஆகிய பழங்குடி ஓவியர்கள் உச்சத்தில் இருந்த காலம். ஆனால் ஓவியர் சங்கத்துக்குள் ஸ்பானியரின் ஆதிக்கமும் அவமதிப்பும் தாங்க முடியாமல் போய், 1688 வாக்கில் பழங்குடி ஓவியர்கள் பிரிந்து வந்துவிட்டார்கள். அதோடு ஐரோப்பிய இலக்கணத் தேர்வு எழுத வேண்டிய கட்டாயமும் போயிற்று. நிழலும் தூரமும் அவர்களுக்கு முக்கியமில்லாமல் ஆயின. பொன் முக்கியமானது. அன்னையின் மேலாடையைத் தீட்டி முடித்தபின், மடிப்பு எப்படி விழுகிறது என்று பாராமல், அதன்மேல் தங்கரேக்கால் பூவேலை பதித்தார்கள். கிட்டப்போய்ப் பாருங்கள். துணி மடிகிறது, பூ மடிவதில்லை. அதனால் அந்த ஆடை உடலைச் சுற்றிய துணியாகத் தெரிவதில்லை, படத்துக்கு முன்னால் ஏந்திப் பிடித்த பட்டாகத் தெரிகிறது. வரையத் தெரியாமல் செய்த பிழை என்று பழைய விமரிசகர்கள் எழுதினார்கள். திருவுருவத்துக்கு உண்மையான பட்டுடுத்தி அழகு பார்த்த கண் அது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

இந்தப் பள்ளியின் படங்கள் கழுதை, கோவேறு கழுதைகளின் முதுகில் பொலிவியா, அர்ஜென்டினா, சிலி வரை போயின. 1754-இல் இரண்டு ஓவியர்கள் சேர்ந்து ஏழு மாதத்தில் நானூறுக்கும் மேற்பட்ட படங்களைத் தருவதாக ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். அத்தனையையும் மலைப்பாதையில் கொண்டுபோனவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

ஒரு கோவேறு கழுதைக்காரரின் பெயர் மட்டும் நிலைத்தது. குஸ்கோவுக்கும் போத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கும் இடையே சரக்கு ஓட்டிய ஹோசே கப்ரியேல் கொந்தோர்கான்கி. கடைசி இன்காவின் வழித்தோன்றல் என்று உரிமை கோரி, இரண்டாம் துபாக் அமாரு என்ற பெயரில் 1780-இல் கிளர்ந்தெழுந்தவர். 1781 மே 18-இல் அவரையும், அவர் மனைவி மிக்காயேலா பாஸ்திதாசையும், பிள்ளையையும், உறவினரையும் அதே சதுக்கத்தில் வைத்துக் கொன்றார்கள். தண்டனை உயிரோடு முடியவில்லை. இன்கா உடை தடை. அரசர்களின் ஓவியங்கள் தடை. நினைவைக் கிளறும் நாடகங்கள் தடை. மஸ்காய்பாச்சா தடை. கார்சிலாசோவின் நூலையும் திரட்டி அப்புறப்படுத்த ஆணை வந்தது. ஓர் அரசு படங்களையும் ஆடைகளையும் பார்த்து எவ்வளவு அஞ்சியது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். கார்ப்பஸ் ஓவியங்களின் முன் நிற்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு நிற்க வேண்டும். அந்தச் செந்நூல் குஞ்சத்தைப் படத்திலாவது நாம் இன்று பார்க்க முடிவது சிறிய காரியம் இல்லை.

தடை செய்த நூலே விழாவாகத் திரும்பி வந்தது. 1944-இல், உம்பெர்த்தோ விதால் உந்தா தலைமையில் குஸ்கோ அறிஞர்கள் சிலர் சூரிய விழாவான இந்தி ராய்மியைத் திரும்ப நடத்தினார்கள். ஆதாரம், கார்சிலாசோ எழுதி வைத்த விவரணை. கெச்சுவா மொழிக்கு உயிரையே கொடுத்த ஃபாஸ்தினோ எஸ்பினோசா நவாரோ அதற்கு வசனம் எழுதினார், தாமே பல ஆண்டுகள் இன்காவாக நடித்தார். இப்போது ஜூன் 24-இல் கொரிகாஞ்சா, சதுக்கம், சக்சாய்வமான் என்று மூன்று இடங்களில் அது நடக்கிறது. இது உண்மையான சடங்கல்ல, நாடகம்தான், சுற்றுலாவுக்கானது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நாடகம்தான். அதைக் குறையாக நான் எண்ணவில்லை. நாடகத்தையே தடைசெய்த ஊரில், பள்ளியிலும் நீதிமன்றத்திலும் நெடுங்காலம் இடம் கிடைக்காமல் இருந்த மொழி, வெட்டவெளியில் உரத்த குரலில் சூரியனை விளிக்கிறது. கீழே விலை கொடுத்த இருக்கைகளில் வெளிநாட்டவர் உட்கார்ந்திருக்க, சுற்றியுள்ள குன்றுகளில் ஊர்க்குடும்பங்கள் புல்மேல் உட்கார்ந்து, வேகவைத்த உருளைக்கிழங்கைப் பகிர்ந்துகொண்டு பார்க்கின்றன. வசனம் அவர்களுக்குத்தான் புரிகிறது.

கொரிகாஞ்சாவைப் பற்றி ஒரு சொல். பொன் முற்றம் என்று பொருள். சூரியக் கோயிலாக இருந்த இடம். சுவரில் பதித்திருந்த பொன் தகடுகளை 1533-இல் ஸ்பானியர் பெயர்த்தெடுத்தார்கள். மேலே டொமினிக்கன் மடம் எழுந்தது. 1950 மே 21 நிலநடுக்கத்தில் மடத்தின் பகுதிகள் சரிய, உள்ளே மறைந்திருந்த இன்கா சுவர்கள் அசையாமல் வெளியே வந்தன. சுண்ணமில்லாமல் கல்லோடு கல் பொருத்திய சுவர். அதன் இடுக்கில் நகத்தை நுழைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

நிலநடுக்கமே அந்த ஊரின் பெரிய அப்பனையும் தந்தது. 1650-இல் பூமி அதிர்ந்தபோது மக்கள் பேராலயத்திலிருந்த சிலுவைநாதரைச் சதுக்கத்துக்குத் தூக்கி வந்தார்கள், அதிர்வு அடங்கியது என்பது நம்பிக்கை. ‘தைதாச்சா’ என்று அழைக்கிறார்கள். அப்பா என்பதைச் செல்லமாகச் சொல்லும் சொல். மெழுகுவர்த்திப் புகையில் கருத்த திருமேனி. புனித வாரத் திங்களன்று ஊர்வலம் வரும்போது ‘ஞுக்சு’ என்னும் சிறு செம்பூக்களை அள்ளி வீசுகிறார்கள். மாலையில் பேராலய வாசலில் அவர் திரும்பி நின்று ஆசி தரும் கணத்தில் சதுக்கம் முழுவதும் ஒரே அழுகை. அழுவதற்கு மொழி தெரிய வேண்டியதில்லை. நானும் அழுதேன்.

டிசம்பர் 24-இல் கூடும் சாந்துராந்திகுய் சந்தையையும், கழுத்து நீண்ட புனிதர்களைச் செய்த இலாரியோ மென்திவிலின் வீட்டையும், மார்ட்டின் சாம்பியின் கண்ணாடித் தகட்டு நிழற்படங்களையும் தனித்தனியாகப் பேச ஒரு மாலை வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லிச் செல்கிறேன். குஸ்கோச் சிற்பிகள் குழந்தை இயேசுவின் வாய்க்குள், மேலண்ணத்தில், சின்னக் கண்ணாடித் துண்டு பதிப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது. ஒளி படும்போது வாய் ஈரமாக இருப்பதுபோல, இப்போதுதான் அழுது ஓய்ந்ததுபோல இருக்கும்.

பல்கலைக்கழகம் நடத்தும் இன்கா அருங்காட்சியகத்தில் ‘கேரோ’ என்னும் மரக் கிண்ணங்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. அடியில் ஒடுங்கி வாயில் விரிந்த கிண்ணங்கள். ஸ்பானியர் வந்தபின் செய்தவற்றில், குழித்த கோடுகளுக்குள் வண்ணப் பிசினை அமுக்கி உருவங்கள் படைத்திருக்கிறார்கள். அரசர், அரசி, பூக்கள், வானவில், காட்டு மனிதரோடு போர். நான் ஒரு கிண்ணத்தின் முன் அரைமணி நேரம் நின்றேன். வாயோரம் தேய்ந்து, ஓரிடத்தில் வண்ணம் உதிர்ந்து மரம் தெரிந்தது. அங்கேதான் உதடு பட்டிருக்க வேண்டும். கேரோவை எப்போதும் இரண்டாகத்தான் செய்வார்கள், ஒரே மரத்தில், ஒரே அளவில். தனியாகக் குடிப்பது அங்கே வழக்கமில்லை. ஒன்று உனக்கு, ஒன்று எதிரில் இருப்பவருக்கு. எதிரில் இருப்பவர் நண்பராக இருக்கலாம், சூரியனாக இருக்கலாம், இறந்த அரசராகவும் இருக்கலாம். பெட்டிக்குள் இருந்தது ஒன்றுதான். எண் இருந்தது, காலம் இருந்தது, மரத்தின் பெயர் இருந்தது. இணை எங்கே என்று எழுதியிருக்கவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஹிராம் பிங்கம் 1911-இல் இன்கா மலைநகரான மச்சு பிச்சுவுக்குப் போனதும், அடுத்தடுத்த அகழாய்வுகளில் எடுத்தவை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் நீங்கள் அறிந்ததே. ஏறத்தாழ நூறாண்டு இழுபறிக்குப் பிறகு, 2010-இல் உடன்பாடு ஏற்பட்டு, 2011-இலிருந்து அவை திரும்பின. இப்போது காசா கோன்சா என்னும் பழைய மாளிகையில் இருக்கின்றன. அந்த அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பொன்னை எதிர்பார்த்துப் போகக்கூடாது. பெரும்பாலும் பானை ஓடு, எலும்பு, கல், ஊசி. சமைத்தவர்களும் நெய்தவர்களும் கைவிட்டுப் போனவை. அந்த ஓடுகளுக்காகத்தான் ஒரு நாடே தெருவில் இறங்கிக் கேட்டது. அது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

கைவேலை அருங்காட்சியகத்துக்குள் ஒடுங்காமல் தப்பித்த இடம் நெசவு. சின்செரோ ஊரைச் சேர்ந்த நில்தா கயானாவுபா 1996-இல் தொடங்கிய நெசவு மையம் குஸ்கோவில் இருக்கிறது. காட்சிக்கூடத்தின் வாசலிலேயே பெண்கள் இடுப்புத் தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாவின் ஒரு முனை தூணில், மறுமுனை அவர்கள் இடுப்பில். முன்னால் சாய்ந்தால் நூல் தளர்கிறது, பின்னால் சாய்ந்தால் இறுகுகிறது. உடலே தறியின் பாதி. ஊடையை அடித்து நெருக்க யாமா விலங்கின் எலும்புத் துண்டு. நூற்பது தக்கிளியில், நடந்துகொண்டே. சாயம் காட்டச் சொன்னேன். ஒரு பெண் கள்ளி மடலிலிருந்து எடுத்த சாம்பல் நிறப் பூச்சி ஒன்றைத் தன் உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். கை செக்கச்சிவந்தது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டார், ஆரஞ்சு நிறமாயிற்று. கொச்சினீல் என்னும் இந்தப் பூச்சிச் சாயம்தான் குஸ்கோ நெசவின் சிவப்பு. இதற்கும் நமக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1780-களின் இறுதியில், சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இந்தச் சாயத்தில் ஸ்பெயினுக்கிருந்த ஏகபோகத்தை உடைக்க நினைத்துச் சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டமே போட்டார். வணிகம் கைகூடவில்லை. பூச்சியையும் கள்ளியையும் கொண்டுவந்துவிடலாம். எத்தனை கொதிக்கு எந்தச் சிவப்பு என்று உள்ளங்கையில் பார்த்துச் சொல்லும் அந்தப் பெண்ணின் கண்ணை எந்தக் கப்பலில் ஏற்றுவது?

கார்ப்பஸ் வாரத்தின் முதல் நாட்களோடு முடிக்கிறேன். புதனன்று புனிதர்கள் நகரத்துக்குள் வருவதற்கு முன்னால், ஞாயிறு முதல் செவ்வாய் வரை, குஸ்கோவிலிருந்து பல மணி நேரப் பயணத்தில், 4,600 மீட்டருக்கு மேலே, கோல்கேபுங்கு பனிமலையின் அடியில் உள்ள சினக்காரா பள்ளத்தாக்கில் பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். ‘கொய்யூர் ரித்தி’ என்று பெயர். பாறையில் தோன்றிய ஆண்டவருக்கான யாத்திரை. ‘நாடுகள்’ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் குழுக்களாக வந்து இரவும் பகலும் ஆடுகிறார்கள். 2011-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த விழா. அதில் ‘உக்குக்கு’ என்னும் கரடி வேடக்காரர்கள் உண்டு. நீண்ட கம்பளி நூல் தொங்கும் உடை, முகமூடி, கையில் சாட்டை. இரவில் பனிமலை ஏறி விடியலில் சிலுவையோடு இறங்குவது அவர்கள் கடமை. இறங்கும்போது பனிக்கட்டியை வெட்டி முதுகில் கட்டிக்கொண்டு வருவார்கள். உருகிய நீர் நோய்க்கு மருந்து, நிலத்துக்கு உரம், ஊருக்கு ஆசி.

பனிமலை பின்வாங்கிக்கொண்டே போவதை முதலில் கண்டவர்கள் அவர்கள்தான், ஆண்டுதோறும் அதே பாதையில் ஏறியவர்கள் அல்லவா. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வெட்டும் அளவைக் குறைத்தார்கள். பிறகு வெட்டுவதையே நிறுத்தினார்கள். அவர்களே கூடி முடிவெடுத்து, தங்கள் ஆட்களையே பனியின் ஓரத்தில் காவலுக்கு நிறுத்தினார்கள். இப்போது சிலுவை மட்டும் இறங்குகிறது.

விழா முடிந்து திரும்பியவர்களைப் புதன்கிழமை காலையில் குஸ்கோச் சதுக்கத்தில் பார்த்தேன். தூங்காத கண்களோடு படிக்கட்டுகளில் உட்கார்ந்து, புனிதர்களின் வரவுக்குக் காத்திருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு பாட்டி. மடியில் பேரன், முதுகில் வண்ணத் துணியில் கட்டிய மூட்டை. மூட்டையை அவிழ்த்து ஒரு பழைய குளிர்பானப் பாட்டிலை எடுத்தார். பாதியளவு தண்ணீர் இருந்தது, பனிமலையின் அடியில் தானாக உருகி வழிந்த தண்ணீர். மூடியில் கொஞ்சம் ஊற்றி, விரலை நனைத்து, பையனின் நெற்றியில் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கேட்கவில்லை. விரலை மறுபடி நனைத்து, என் பக்கம் நீட்டினார்.